கட்டணம் கட்டியாயிற்று, படிப்பு நின்றுபோயிற்று: கடலூர் மறுவாழ்வு மையப் பணியாளர் ஒருவரின் மேற்படிப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

இதில் வரும் இரண்டு பெண்களும் எழுதுவதற்குச் சம்மதம் தந்திருக்கிறார்கள். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மையத்தின் ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் முடிவுகளில் பெரும்பாலானவை என்னுடையவை, தவறுகளும் அப்படியே.

பின்னணி

கடலூரில் 15 படுக்கைகள் கொண்ட மது மறுவாழ்வு மையம் எங்களுடையது. மானியம் தவணை தவணையாக வரும். எப்போது வரும் என்பது வரும்போதுதான் தெரியும். பணியாளர்கள் எல்லோரும் தொகுப்பூதியம் வாங்குபவர்கள்.

ஆலோசகர் 2016-இல் சேர்ந்தார். தமிழ் இலக்கியத்தில் இளங்கலை, அதன்பின் ஒரு குறுகிய காலப் பயிற்சி, மற்றவை எல்லாம் வேலையில் கற்றவை. கைநடுக்கத்தைத் தூரத்தில் இருந்து பார்த்தே கடைசியாகக் குடித்து எத்தனை மணி நேரம் ஆகியிருக்கும் என்று சொல்லக்கூடியவர். 2022-இல் தொலைநிலை வழியில் முதுநிலை சமூகப்பணி படிக்க விரும்பினார். பட்டம் வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, அவரிடம் ஒரு கேள்வி இருந்தது.

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். அப்போதுதான் மீனவர் குடும்பங்கள் ஆண்களை அழைத்துக்கொண்டு எங்கள் மையத்துக்கு வருவார்கள். தொழில் இல்லாத நாள்களில் குடி கூடுகிறதா, அல்லது சிகிச்சைக்கு நேரம் கிடைப்பதால் வருகிறார்களா? ஜூன் முதல் வாரத்தில் ஏன் ஒவ்வொருவராகக் கிளம்பிவிடுகிறார்கள்? ஏழு ஆண்டுப் பதிவேடுகளைப் புரட்டிய ஒருவருக்குத்தான் இப்படி ஒரு கேள்வி வரும். பல்கலைக்கழகத்தில் இருந்து ஒரு வாரம் வந்து போகிறவருக்கு வராது.

இரண்டாமவர் மாணவி. புதுச்சேரியின் பாகூர் பக்கத்தைச் சேர்ந்தவர். கடலூரில் ஒரு கல்லூரியில் முழுநேர முதுநிலை சமூகப்பணி படித்தார். களப்பணிக்காக 2023 செப்டம்பரில் எங்களிடம் வந்தார்.

2019-இல் வெளியான, எய்ம்ஸின் தேசியப் போதை சிகிச்சை மையம் நடத்திய நாடு தழுவிய கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 10 முதல் 75 வயதுக்குள் 14.6 விழுக்காட்டினர், அதாவது சுமார் 16 கோடிப் பேர், மது அருந்துகிறார்கள். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொல்லியிருக்கிறார். மற்ற 37 பேருக்கும் யார் சிகிச்சை தருவது என்று கேட்டால், முதலில் அதற்குப் படித்தவர்கள் வேண்டும்.

பணம் தேடிய கதை

2022 ஜூனில் ஒரு பழைய நாட்குறிப்பில் செலவுகளை எழுதினோம். முதலாண்டுக் கட்டணம், புத்தகம், தேர்வுக் கட்டணம், நேர்முக வகுப்புகளுக்கான பஸ் செலவு. எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய்க்குச் சற்று மேல் வந்தது.

பிறகு இந்தப் பணத்தை யார் தருவார்கள் என்று பார்த்தோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் குறுகிய கால மாணவர் உதவித்தொகை எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். மாணவர்களுக்கானது. இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். ஆனால் அது தேசியத் தகுதித் தேர்வில் அதற்கான மதிப்பெண் எடுத்து முழுநேர முனைவர் பட்டத்துக்குச் சேர்பவருக்கு. பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையைப் பார்த்தால், முழுநேர வேலையில் இருப்பவர் படிப்பு முடியும்வரை சம்பளமில்லா விடுப்பு எடுத்து முழுநேர மாணவராக வேண்டும். சம்பளத்தை விட்டால் உதவித்தொகை உண்டு என்ற இந்த ஏற்பாட்டைக் கேட்டு ஆலோசகர் சிரித்துவிட்டார். மூன்று பேர் சாப்பிடும் குடும்பத்தில் அவர் ஒருவர்தான் சம்பாதிக்கிறார்.

பணியாளர்களுக்கு என்று இருப்பவை பயிற்சிகள்: மூன்று நாள், ஐந்து நாள், சில சமயம் ஒரு மாதம். 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை போன்றவை இத்துறையில் ஒரு தலைமுறையையே பழக்கியிருக்கின்றன. அவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இருந்தாலும் பயிற்சி வேறு, படிப்பு வேறு. மாணவருக்கு உதவித்தொகை, பணியாளருக்குப் பயிற்சி என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். பணியில் இருந்துகொண்டே படிப்பவருக்கு இரண்டு பக்கமும் கதவு பாதிதான் திறக்கிறது.

இதை வேறு மாதிரி செய்தவர்களும் உண்டு. பிரிட்டனில் 1904-ஆம் ஆண்டு உரிமச் சட்டப்படி, மூடப்பட்ட மதுக்கடைகளுக்கு இழப்பீடு தர மதுத் தொழிலிடமிருந்தே ஒரு தொகை வசூலித்தார்கள். அதில் மிஞ்சிய நிதியைக் கொண்டு 1981-இல் ஒரு சட்டம் இயற்றி மதுக் கல்வி, ஆய்வு மன்றம் ஒன்றை அமைத்தார்கள். மது பற்றிய படிப்புகளுக்கு அது உதவியபோது மாணவர்களோடு இத்துறையில் பணிபுரிபவர்களையும் சேர்த்துக்கொண்டது. அந்த ‘பணிபுரிபவர்களையும்’ என்ற சொல்தான் எங்கள் பக்கத்து விண்ணப்பப் படிவங்களில் இல்லை.

கடைசியில் கட்டணத்தை ஊர் வணிகர் ஒருவர் கட்டினார். அவருடைய தம்பி முன்பு எங்களிடம் சிகிச்சை பெற்றவர். 2022 ஜூலையில் ஆலோசகர் படிப்பில் சேர்ந்தார். பிரச்சினை தீர்ந்தது என்று நான் நினைத்தேன்.

கவனித்தது

2023 மே மாதம் வாக்கில் அவர் நேர்முக வகுப்புகளில் பாதிக்குக்கூடப் போயிருக்கவில்லை என்பது தெரியவந்தது. ஒப்படைப்புகளில் இரண்டு மட்டுமே அனுப்பப்பட்டிருந்தன. கேட்டதற்கு, “சார், புத்தகத்தைத் திறந்தால் தூக்கம் வருகிறது” என்றார். ஆர்வம் குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, ஊக்கமூட்டும் வகையில் ஏதோ பேசி அனுப்பினேன். இப்போது அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஜூனில் மானியக் கணக்குத் தணிக்கைக்காகப் பணி அட்டவணைகளை எடுத்து அடுக்கினேன். ஏப்ரல் நடுவில் இருந்து ஜூன் நடுவரை, வாரத்துக்கு நான்கு இரவுகள் அவர் பெயர் இருந்தது. தடைக்காலம் என்பதால் படுக்கைகள் நிறைந்திருந்தன. இன்னொரு ஆலோசகர் வேலையை விட்டுப் போயிருந்தார். இரவுப் பணி முடிந்து காலை எட்டு மணிக்கு வீடு, சமையல், மதியம் இரண்டு மணி நேரம் தூக்கம், மறுபடி மையம். அந்த மாதங்களின் நேர்முக வகுப்புத் தேதிகளை அட்டவணையின் ஓரத்தில் பென்சிலால் குறித்துப் பார்த்தேன். ஒவ்வொரு வகுப்புக்கும் முந்தைய இரவு அவருக்குப் பணி இருந்தது.

கட்டணம் கட்டியாயிற்று, படிக்க வேண்டிய இரவுகள் மையத்திடமே இருந்தன. அட்டவணையில் கையெழுத்துப் போட்டவன் நான்.

முதல் முடிவு: இரவுகளை வாங்குவது

வாரத்துக்கு இரண்டு இரவு அவரை விடுவிப்பது, அந்த இரண்டு இரவுக்குப் பதிலாள் வைப்பது என்று முடிவெடுத்தோம். ஆகஸ்ட் முதல் மார்ச் வரை 35 வாரம், 70 இரவு, இரவுக்கு 400 ரூபாய், மொத்தம் 28,000. கட்டணத்தைப்போல இரண்டு மடங்கு. நன்கொடையாளர்களிடம் இதைக் கேட்பது கட்டணம் கேட்பதைவிடக் கடினமாக இருந்தது. ஒரு பெண்ணின் படிப்புக்குக் கட்டணம் கட்டினேன் என்று ஒருவர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஒரு பெண் தூங்குவதற்குப் பணம் கட்டினேன் என்று யார் சொல்லிக்கொள்வார்கள்? முன்னாள் நோயாளிகளின் குடும்பங்கள் சில 500, 1,000 என்று தந்தன. மிச்சத்தை மையத்தின் உள்ளூர் நன்கொடைக் கணக்கில் இருந்து எடுத்தோம்.

பதிலாளாக வந்தவர் நான்கு ஆண்டுகளாகக் குடிக்காமல் இருக்கும் முன்னாள் மீனவர். நோயாளிகளுக்கு அவரைப் பிடிக்கும். செவிலியர் இருக்கிறார், மருத்துவர் தொலைபேசியில் இருக்கிறார், இது போதும் என்று கணக்குப் போட்டோம்.

நவம்பர் இரவு

2023 நவம்பரில் ஒரு மழை இரவு. சேர்ந்து மூன்றாம் நாளான ஒரு நோயாளி, 40 வயதைத் தாண்டியவர், கட்டிலில் எழுந்து உட்கார்ந்து இரண்டு கைகளாலும் எதையோ மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருந்தார். வலது கை, இடது கை, வலது கை. இடையிடையே வாயால் மூச்சுவிட்டுப் பாரத்தை ஏற்றினார். பதிலாளுக்கு அது என்னவென்று உடனே தெரிந்தது: வலை இழுக்கிறார். அவரே ஆயிரம் முறை செய்த வேலை. கனவில் தொழில் செய்கிறார், எழுப்ப வேண்டாம் என்று ஒரு போர்வையைக் காலில் போர்த்திவிட்டு வந்துவிட்டார்.

ஏறத்தாழ இருபது நிமிடம் கழித்து நோயாளி சுவரில் எறும்பு ஏறுகிறது என்று கத்தியபோதுதான் செவிலியர் ஓடிவந்தார். உடல் முழுதும் வியர்வை. இது எந்த ஊர் என்று கேட்டதற்குப் படகின் பெயரைச் சொன்னார். மது விலகலின், அதாவது குடியை நிறுத்தியதும் உடலில் தோன்றும் அறிகுறிகளின், கடுமையை அளக்கும் சி.ஐ.டபிள்யூ.ஏ. அளவுகோலில் பத்துக் கூறுகள், அதிகபட்சம் 67. மாலை ஆறு மணிக்கு அவருடைய மதிப்பெண் 9. நள்ளிரவுக்குப் பின் 24. மருத்துவர் தொலைபேசியில் சொன்ன மருந்தைக் கொடுத்து, 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம். ஆறாம் நாள் திரும்பி வந்தார், நலமாக.

குடியை நிறுத்திய இரண்டாம் நாளில் இருந்து நான்காம் நாளுக்குள் வரக்கூடிய மதிமயக்கம் இது. கவனிக்காவிட்டால் உயிர் போகும். நோயாளி தன் தொழிலைச் செய்வதுபோல் கையசைப்பது இதன் பழைய, நன்கு அறியப்பட்ட அடையாளம்: தையல்காரர் ஊசி கோர்ப்பார், ஓட்டுநர் ஸ்டியரிங் திருப்புவார். எங்கள் ஆலோசகருக்கு இது தெரியும். அவர் அன்றிரவு வீட்டில் படித்துக்கொண்டிருந்தார், நாங்கள் ஏற்பாடு செய்தபடியே.

பதிலாளைக் குறைசொல்ல முடியாது. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மறுநாள் ஆலோசகர் படிப்பை நிறுத்திவிடுவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். விதியை மாற்றினோம்: எந்த நோயாளிக்கும் முதல் நான்கு இரவுகளில் பதிலாள் மட்டும் இருக்கக்கூடாது. அப்படிப்பட்ட இரவுகளில் இன்னொரு செவிலியருக்குக் கூடுதல் ஊதியம். பதிலாளுக்கு ஒரு வாரப் பயிற்சி. அதை ஆலோசகரே நடத்தினார். செலவு 28,000-இல் நிற்கவில்லை.

மாணவியும் ஒரு குவார்ட்டரும்

மாணவியின் சிக்கல் வேறு. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை மாணவர் எந்த மாநிலத்தவரோ அந்த மாநிலமே தர வேண்டும். படிப்பது தமிழ்நாட்டில், விண்ணப்பிப்பது புதுச்சேரியில். கல்லூரிச் சான்று ஒரு பக்கம், வருமானச் சான்று இன்னொரு பக்கம். எல்லையைத் தாண்டித் தாண்டி நடந்ததில் முதலாண்டுத் தொகை இரண்டாம் ஆண்டில்தான் வந்தது. அதுவரை பஸ் கட்டணம் இல்லாத நாள்களில் களப்பணிக்கு வரவில்லை. அதை எங்களிடம் சொல்லவும் இல்லை. வருகைப் பதிவேட்டைப் பார்த்து ஆலோசகர்தான் கண்டுபிடித்தார். சில்லறைச் செலவுக் கணக்கில் இருந்து கொடுத்தோம்.

அவர் வரும் பஸ் முள்ளோடை எல்லையைக் கடந்து வரும். கடலூர்க்காரர்கள் புதுச்சேரியின் மலிவான மதுவுக்காக எதிர்த்திசையில் ஏறும் அதே தடம்.

முதல் மாதத்தில், நோயாளிகளிடம் கேட்டு நிரப்பச் சொல்லி, குடிப்பழக்கத்தை மதிப்பிடும் ‘ஆடிட்’ வினாத்தாளை அவரிடம் கொடுத்தோம். உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய பத்துக் கேள்விகள், 0 முதல் 40 வரை மதிப்பெண், 8 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும். இரண்டாம் கேள்வி, குடிக்கும் நாளில் எத்தனை அளவு குடிப்பீர்கள் என்பது. ஒருவர் “ஒரு குவார்ட்டர்” என்றார். மாணவி ‘1’ என்று எழுதிப் பூஜ்யம் போட்டார். ஆலோசகர் தாளை வாங்கி ஓரத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார்: குவார்ட்டர் 180 மி.லி.; அதில் 42.8 விழுக்காடு ஆல்கஹால். எடையில் ஏறத்தாழ 60 கிராம். ஓர் அளவு என்பது 10 கிராம். ஆக ஆறு. பூஜ்யத்துக்குப் பதில் 2 மதிப்பெண். “இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது அக்கா?” என்று மாணவி கேட்டார். இதற்கு ஆலோசகர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கு நினைவில்லை. ஆனால் அந்தத் தாளை அவர் பத்திரமாக வைத்திருக்கிறார்.

இருவரையும் சேர்த்து வேலை செய்யவைத்தது இதற்குப் பின்தான். தடைக்கால ஆய்வுக்கு நோயாளிகளிடம் சம்மதம் வாங்க வேண்டும். சிகிச்சை தருபவரே சம்மதமும் கேட்டால், மறுத்தால் கவனிப்புக் குறையுமோ என்று நோயாளி பயப்படுவார். ஆகவே சம்மதம் வாங்கும் வேலையை மாணவி செய்தார். யார் மறுத்தார்கள் என்பதை ஆலோசகரிடம் சொல்வதில்லை என்று ஏற்பாடு.

வேண்டாம் என்ற பணம்

2024 மார்ச்சுடன் பதிலாள் நிதி தீர்ந்தது. அந்த ஆண்டுத் தடைக்காலம் ஆய்வுக்கு முக்கியமானது. ஆலோசகர் மறுபடி இரவுப் பணிக்குத் திரும்பினார். ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். திடீரென்று எல்லோருக்கும் மது ஆய்வில் அக்கறை வந்தது. மெத்தனால் நச்சு வேறு, நாள்பட்ட குடிநோய் வேறு என்று தொலைபேசியில் எத்தனை பேருக்குச் சொன்னேன் என்று கணக்கில்லை.

ஆகஸ்டில் மதுத் தயாரிப்போடு தொடர்புள்ள ஒரு நிறுவனத்தின் அறக்கட்டளையில் இருந்து பேசினார்கள். சமூகப் பொறுப்பு நிதியில் இருந்து ஆலோசகரின் ஆய்வுக்கும் மாணவிக்கும் ஓராண்டு உதவித்தொகை, பதிலாள் ஊதியம் உட்பட. நாங்கள் எங்கும் பெறாத அந்த ‘பதிலாள்’ வரி அவர்களுடைய கடிதத்தில் இருந்தது.

நிர்வாகக் குழு இரண்டாகப் பிரிந்தது. குடியில் வீட்டை இழந்து மீண்ட மூத்த உறுப்பினர், “நாம் அவர்களிடம் கொடுத்த பணம்தானே, திரும்பி வரட்டும்” என்றார். இதற்கு எளிதாகப் பதில் சொல்ல முடியவில்லை. நான் சொன்ன காரணம் இதுதான்: 2018-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள், மிதமான குடி பற்றிய 10 கோடி டாலர் ஆய்வு ஒன்றை நிறுத்தின. அதற்கான பணத்தில் பெரும்பகுதி மதுத் தொழிலிடமிருந்து வந்ததும், பணம் கேட்ட விதத்திலேயே முடிவு முன்கூட்டித் தொனித்ததும் வெளியே வந்தபின். எங்கள் ஆய்வு சிறியது. யாரும் அதன் முடிவைத் திருத்தச் சொல்லப்போவதில்லை. ஆனால் சம்மதப் படிவத்தில் ‘நிதி வழங்குபவர்’ என்ற இடத்தில் அந்தப் பெயரை எழுதி, அதை மாணவி ஒரு மீனவருக்கு வாசித்துக்காட்ட வேண்டியிருக்கும். அந்தக் காட்சியை எங்களால் ஏற்க முடியவில்லை. மறுத்துவிட்டோம்.

தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவைச் சில்லறையில் விற்பதே அரசு நிறுவனம்தான். அரசுப் பணம் எந்த விதத்தில் தூய்மையானது என்று மூத்த உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் கோடு நேர்க்கோடு அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

முடிவெடுத்த அறையில் ஆலோசகர் இல்லை. அதன் விலையைக் கொடுத்தவர் அவர்.

பின்னர் நடந்தது

ஆய்வேடு 2024 இறுதியில் முடிய வேண்டியது. 2025 நடுவில்தான் சமர்ப்பிக்கப்பட்டது. கண்டவை எளிமையானவை. தடைக்காலத்தில் வந்த மீனவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஏப்ரலில் வராமல் மே நடுவில்தான் வந்திருந்தார்கள். குடும்பத்தில் கையிருப்பு தீர்ந்த பிறகுதான் சிகிச்சை பற்றிய பேச்சு எழுகிறது. அப்படி வந்தவர்களுக்குச் சிகிச்சை முடியும் முன்பே ஜூன் 15 வந்துவிடுகிறது. இதை வைத்து, நாங்கள் இப்போது ஏப்ரல் தொடக்கத்திலேயே முதுநகர் துறைமுகப் பக்கமும் தேவனாம்பட்டினத்திலும் வீடு வீடாகப் போகிறோம். ஜூன் 15-க்குப் பிறகான மறுவருகையை மையத்தில் வைக்காமல் கரையிலேயே வைக்கிறோம்.

மாணவி 2025 மே மாதம் படிப்பை முடித்தார். நுண்கடன் நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்துப் போனார். எங்கள் தொகுப்பூதியத்தைப்போல ஒன்றரை மடங்கு சம்பளம். போகாதே என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஆலோசகருக்குப் பட்டம் கிடைத்தது. சம்பளம் உயரவில்லை, ஏனென்றால் மானியத்தில் ஆலோசகர் பணியிடத்துக்கு ஒரே தொகைதான்.

இன்று செய்தால்

கட்டணத்தைக் கேட்பதற்கு முன் பணி அட்டவணையைப் பார்ப்பேன். நிதி கேட்கும் கடிதத்தில் பதிலாள் ஊதியத்தை முதல் வரியாக எழுதுவேன், கட்டணத்தை இரண்டாவதாக. பதிலாளுக்குப் பயிற்சி தராமல் ஓர் இரவுகூட விடமாட்டேன். நவம்பரில் எங்களைக் காப்பாற்றியது ஏற்பாடு அல்ல, ஒரு செவிலியரின் காது.

மதுத் தொழிலின் பணத்தை வாங்குவோமா என்பதை அது வாசலுக்கு வரும் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதும்போது படிப்பவரும் அறையில் இருக்க வேண்டும். மறுப்பது என்றால், அதனால் இழக்கும் தொகைக்கு மையம் வேறு வழி காட்ட வேண்டும். மறுத்த நிம்மதி நிர்வாகத்துக்கு, கூடுதல் இரவுகள் ஆலோசகருக்கு என்று விட்டது சரியில்லை. மாணவர்களுக்கு, உதவித்தொகை வரும்வரை கைமாற்றாகத் தர ஒரு சிறு தொகையைத் தனியே வைத்திருக்கிறோம். மாதம் 1,500 ரூபாய் போதும். அது இல்லாததால்தான் ஒருத்தி பாகூரில் பஸ் ஏறாமல் நின்றாள்.

அந்த மழை இரவில் ஓடிவந்த செவிலியர் இப்போது போதைநோய் ஆலோசனையில் பட்டயம் படிக்க வேண்டும் என்கிறார். விண்ணப்பப் படிவம் இன்னும் வாங்கவில்லை. அடுத்த ஆறு மாத இரவுப் பணி அட்டவணையை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, அவர் பெயர் இருக்கும் கட்டங்களை ஆலோசகர் எண்ணிக்கொண்டிருக்கிறார்.